அரபுச் சொற்களில் வேரும் வழக்கும்

சொல்லுக்கு வேர் காணும் வேட்கை தமிழ் பயின்றோர்க்குப் புதிதன்று. தேவநேயப் பாவாணர் போன்ற பேரறிஞர்கள் ஆழ உழுது பயன்கண்ட நிலம் அது. அதே வேட்கை அரபுச் சொற்களின்பாலும் நம் சமுதாயத்தாரிடையே மிகுந்து வருவதைக் காண்கிறோம். பள்ளிவாசல் மிம்பரிலும் இதழ்களின் பக்கங்களிலும், "இச்சொல்லின் வேர் இது, ஆகவே இதன் பொருள் இதுவே" என்னும் முடிபு அடிக்கடி நம் செவிக்கு எட்டுகிறது. வேராராய்ச்சி இனியது; மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு சொல் எங்குப் பிறந்தது என்பது ஒன்று. அது வந்து நிற்கும் இடத்தில் எதனைக் குறிக்கிறது என்பது வேறொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் நேரும் இடர் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. தலாக் சொல்லப்பட்ட ஒரு பெண் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்னும் வாழ்க்கைச் சிக்கல்வரை அது செல்லும். ஆகவே, அரபுச் சொல் எவ்வாறு உருவாகிறது, அதன் பொருள் எவ்வாறு துணியப்படுகிறது என்பவற்றைத் தமிழ் மாணவர் நிலையில் நின்று ஈண்டு நோக்குவோம்.

தேமா புளிமா போன்ற ஒரு வாய்பாடு

தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘செய்’ என்னும் முதனிலை முன்னே நிற்க, செய்தான், செய்கை, செய்தி, செய்யுள் என இறுதிநிலைகள் பின்னே வந்து ஒட்டுகின்றன. முதனிலை சிதைவதில்லை. கெடு என்பது கேடு எனவும், சுடு என்பது சூடு எனவும் முதல் உயிர் நீண்டு பெயராகும் இடங்கள் சிலவே. அவற்றை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று தனியே பெயரிட்டு வைத்தனர் இலக்கணிகள். நமக்கு விலக்காக உள்ள இந்த உட்திரிபே அரபு மொழிக்குப் பொதுவிதி எனலாம்.

அரபுச் சொல்லின் வேர் பெரும்பாலும் மூன்று மெய்களால் ஆனது. அவை தாமே ஒலிக்க இயலாத எலும்புக்கூடு போன்றவை. உயிரொலிகளை இடையிடையே ஊட்டியும், சில எழுத்துகளை முன்னும் பின்னும் சேர்த்தும் அதனைச் சொல்லாக்குகின்றனர். காஃப், தா, பா என்னும் மூன்று மெய்களைக் கொள்வோம். கதப என்றால் எழுதினான், காதிப் என்றால் எழுதுபவர், மக்தூப் எழுதப்பட்டது, கிதாப் நூல், மக்தபா நூலகம். நம் சிறார் காலையில் குர்ஆன் ஓதச் செல்லும் ‘மக்தப்’ என்பதற்கும் எழுதும் இடம் என்பதே சொல்வழிப் பொருள். ஓதும் இடத்திற்கு எழுதும் இடம் என்று பெயர் அமைந்திருப்பது கருதத்தக்கது.

இவ்வச்சுகளைக் கற்பிக்க அரபு இலக்கணிகள் ஃபா, ஐன், லாம் என்னும் மூன்றெழுத்தைப் பொது அளவையாகக் கொண்டனர். செய்பவரைக் குறிக்கும் அச்சு ஃபாஇல். செய்யப்பட்டதைக் குறிக்கும் அச்சு மஃப்ஊல். நேர்நேர் வரும் சீரைத் தேமா என்றும் நிரைநேர் வரும் சீரைப் புளிமா என்றும் நாம் வாய்பாட்டால் குறிப்பதை இது முற்றும் ஒக்கும். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்த கலீல் இப்னு அஹ்மத் சீர்களை அளந்ததும் இதே மூன்றெழுத்தை அடியாகக் கொண்டே என்பதை யாப்புப் பயிலும் மாணவர் கருத்தில் கொள்க. ஆலிம், காதிப், ஹாகிம் மூன்றும் ஒரே அச்சு. மக்தூப், மஅலூம், மஹ்லூக் மூன்றும் மற்றோர் அச்சு. அச்சினை அறிந்தவர்க்கு, முன்பின் கேளாத சொல்லும் பாதி விளங்கிவிடுகிறது.

நம் அன்றாடத் தமிழிலேயே இவ்வச்சுகளின் தடம் நிறைய உண்டு. விளைச்சலைக் குறிக்கும் மகசூல், வரி தண்டுவோரைக் குறித்த தாசில்தார் ஆகிய இரண்டிலும் கிடைத்தல், திரட்டுதல் என்னும் பொருளுடைய ஹா, ஸாத், லாம் என்ற வேரே உள்ளது. மஹ்ஸூல் கிடைக்கப்பெற்றது, தஹ்ஸீல் திரட்டுதல். உழவர் கண்டதும் அரசு கொண்டதும் ஒரே வேரின் இரு கிளைகள்! நாம் தொழும் ஜும்ஆவும், ஊரின் ஜமாஅத்தும், வருவாய்த்துறையின் ஜமாபந்தியும் கூட்டுதல் என்னும் ஒரு வேரின. ஜில்லா என்பதன் மூலம் ‘ளில்உ’ என்னும் அரபுச் சொல். அதன் பொருள் விலா எலும்பு. விலா பக்கமாகி, பக்கம் நாட்டின் ஒரு கூறாகி, பாரசீகர் நாவில் முதலெழுத்துத் திரிந்து நம்மிடம் ஜில்லாவாக வந்தது. கப்பலோட்டும் மாலுமியோ, கற்பிப்பவர் என்று பொருள்படும் ‘முஅல்லிம்’ என்பதன் திரிபு. இந்துமாக்கடலில் வழிகாட்டிக் கலம் செலுத்தியோரை அரபியர் அப்பெயரால் அழைத்தனர். மதரஸாவில் பாடம் சொல்லும் முஅல்லிமும் கடலில் வழிசொல்லும் மாலுமியும் சொல்லளவில் உடன்பிறப்புகள்.

மாமூல் என்பதன் வரலாறு சுவையானது. ஐன், மீம், லாம் என்னும் வேருக்குச் செய்தல் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த அமல் என்பது நமக்கு நற்செயல். அமுல் என்பது சட்டத்தை நடைமுறைப்படுத்தல். மஅமூல் என்பது செய்யப்பட்டது, பின்னர் வழக்கமாகச் செய்யப்படுவது. அவ்வழக்கம் சுருங்கி, அலுவலகங்களில் வழக்கமாகக் கொடுக்கப்படும் கையூட்டாகவும் நின்றுவிட்டது. மறுமைக்குத் துணையாகும் அமலும் இம்மைக்கு இழுக்காகும் மாமூலும் ஒரே வேரின! வேரை மட்டும் பார்த்துப் பொருள் சொல்வோர் இவ்வொரு சொல்லையேனும் எண்ணிப் பார்க்கலாம். (சங்கப் புலவர் மாமூலனாருக்கும் இச்சொல்லுக்கும் எத்தொடர்பும் இல்லை என்பதை மாணவர்க்குச் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறோம்.)

புதுப்பொருள்களுக்குப் பெயர் சூட்டவும் அரபியர் இவ்வச்சுகளையே துணைக்கொண்டனர். வளைகுடா நாடுகளுக்குச் சென்று மீண்ட நம்மவர்க்குச் ‘சய்யாரா’ என்றால் மகிழுந்து. அதே சொல் திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில் 10, 19 ஆம் வசனங்களில் பயணக் கூட்டத்தைக் குறிக்கிறது. நடத்தல், செல்லுதல் என்னும் அவ்வேரிலிருந்தே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றைக் குறிக்கும் ‘சீரா’ பிறந்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. செல்லுதல் எவ்வாறு வரலாறாயிற்று என்று வியப்பார்க்குத் தமிழே விடை பகரும். நட என்பதிலிருந்து நடத்தையும், ஒழுகு என்பதிலிருந்து ஒழுக்கமும் நம் மொழியில் தோன்றவில்லையா?

எழுத்து மயங்கினால் வேர் மாறும்

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அரபு எழுத்துகள் பலவற்றுக்குத் தமிழில் நேர் வரிவடிவம் இல்லை. ளாத் என்னும் எழுத்தை ளகரத்தால் குறித்து ரமளான், வுளூ என்று எழுதும் மரபை நம் முன்னோர் வகுத்தனர். அரபுத்தமிழ் என்னும் எழுத்துமுறையைக் கண்டு, தமிழையே அரபு வரிவடிவில் எழுதிய அவர்களுக்கு எழுத்து வேறுபாட்டின் அருமை தெரியும். இன்றோ தமிழ் எழுத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரு அரபுச் சொற்களை ஒரே வேரினவாகக் கருதிக் கட்டுரை எழுதுவோரைக் காண்கிறோம். அடிநாவிலிருந்து எழும் காஃபால் ‘கல்பு’ என்றால் இதயம். அதற்கு முன்னே பிறக்கும் மற்றொரு காஃபால் ‘கல்பு’ என்றால் நாய். ஐன் எழுத்தால் தொடங்கும் ‘அலீம்’ நன்கறிந்தவன் எனப் பொருள்பட்டு இறைவனின் திருநாமங்களுள் ஒன்றாகும்; ஹம்ஸாவால் தொடங்கும் ‘அலீம்’ துன்புறுத்துவது எனப் பொருள்பட்டு வேதனைக்கு அடையாகும். தமிழில் எழுதிப் பார்த்து அரபு வேரை ஆராய முற்படுவது, லகர ளகர ழகரங்களை ஓரெழுத்தாக்கி வலை, வளை, வழை மூன்றுக்கும் ஒரே வேர் காண்பது போலாகும்.

அகராதியாளர் கண்ட வழி

அரபு அகராதிக் கலைக்கு அடித்தளம் இட்டவர் முன்னர்க் கூறிய கலீலே. ஹிஜ்ரி 2 ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அவர், தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் ஐன் எழுத்தை முதலாக வைத்து, ஒலி பிறக்கும் இடவரிசையில் ‘கிதாபுல் ஐன்’ என்னும் அகராதியை வகுத்தார். பிறப்பியலில் எழுத்தொலிகளின் பிறப்பிடங்களை ஆராய்ந்த தொல்காப்பியரை எண்ணிப் பார்க்கும் தமிழ் மாணவர் இதன் பெருமையை எளிதில் உணர்வர். ஹிஜ்ரி 395 இல் (கி.பி. 1004) மறைந்த இப்னு பாரிஸ் ‘மகாயீஸுல் லுகா’ என்னும் நூலில் ஒவ்வொரு வேருக்கும் அடிக்கருத்து யாது என்று தேடினார். நாம் போற்றுவது அவருடைய முயற்சியை மட்டுமன்று, அவருடைய அடக்கத்தையுமாம். ஒரு வேருக்கு ஓர் அடிக்கருத்து என்று அவர் வற்புறுத்தவில்லை. சிலவற்றுக்கு இரண்டு, சிலவற்றுக்கு அதனினும் மிகுதி என்றும், சில வேர்ச்சொற்கள் ஒப்புமைக்குள் அடங்கா என்றும் வெளிப்படையாக எழுதினார். ஷீன், ஐன், ரா என்னும் வேரைப் பாருங்கள்: ஷஅர் மயிர், ஷஈர் வாற்கோதுமை, ஷுஊர் உணர்வு, ஷிஅர் கவிதை. உணர்வையும் கவிதையையும் இணைத்துவிடலாம். வாற்கோதுமையை எங்கே சேர்ப்பது?

அவர் காலத்தவரான இப்னு ஜின்னீ (மறைவு ஹிஜ்ரி 392, கி.பி. 1002) மேலும் ஒருபடி சென்றார். காஃப், லாம், மீம் என்னும் மெய்களை எவ்வாறு முறைமாற்றி அடுக்கினும் வன்மை என்னும் கருத்து அவற்றில் ஊடுருவி நிற்கும் என்று காட்ட முயன்றார். கலாம் பேச்சு, கல்ம் காயம், லக்ம் குத்து, கமால் நிறைவு, மில்க் உடைமை. பேச்சும் காயமும் ஒரே வேரில் நிற்பது, நாவால் விளையும் வடுவைப் பாடிய வள்ளுவரை நினைவூட்டி நம்மை மகிழ்விக்கிறது. ஆயின் மகிழ்ச்சி வேறு, சான்று வேறு. இம்முறை மொழி முழுமைக்கும் செல்லும் என்று தாம் உரிமை கொண்டாடவில்லை என இப்னு ஜின்னீயே கூறிச் சென்றார். மாணாக்கர் சிலர் ஆசிரியரைக் காட்டிலும் துணிவுடையோராய் இருப்பது எல்லா நாட்டிலும் உள்ளதே!

வேரே இல்லாத சொற்களும் அரபில் உண்டு. பிறமொழியிலிருந்து வந்தவற்றை ‘முஅர்ரப்’ என்று பிரித்தறிந்தனர் அவ்வறிஞர்கள். சுவனத்தின் பானத்தைக் கூறுமிடத்தில் (76:17) வரும் ‘ஸன்ஜபீல்’ அத்தகையது. இஞ்சியைக் குறிக்கும் இச்சொல் பாரசீக வழியாக அரபை அடைந்தது என்பர். அதன் தொல்வடிவத்தில் ‘இஞ்சி’, ‘வேர்’ என்னும் திராவிடச் சொற்கள் இரண்டும் கலந்துள்ளன என்பது மொழிநூலார் பலர் கருத்து. அரபு வேர் இல்லாத சொல்லுக்குள் நம் ‘வேர்’ இருக்கிறது!

இடத்தால் துணியப்படும் பொருள்

ஒரு சொல் பல பொருள் தரும்போது எதனைக் கொள்வது? தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதற்கு வழி கூறியுள்ளார். வினைவேறுபடூஉம் பலபொருள் ஒருசொல் என்பது அவர் வகுத்த பெயர். உடன்வரும் வினையும் இனமும் சார்பும் பொருளைத் தெளிவிக்கும் என்பது கருத்து. சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் வெளிப்படையாகப் புலப்படுவதில்லை என்று உரியியலில் அவர் உரைத்ததையும் இதனொடு சேர்த்து எண்ணுக.

‘ளரப’ என்னும் அரபு வினை இதற்கு நல்ல சான்று. அதன் அடிப்படைப் பொருள் அடித்தல். நிலத்தில் ளரப என்றால் பயணம் செய்தல் (4:101). எடுத்துக்காட்டு என்னும் சொல்லொடு வந்தால் உவமை கூறுதல் (14:24). நாணயத்தொடு வந்தால் நாணயம் அடித்தல். கூடாரத்தொடு வந்தால் கூடாரம் அடித்தல். கணக்கில் வந்தால் பெருக்கல். தமிழிலும் நாணயம் அடிக்கிறோம், கூடாரம் அடிக்கிறோம். வெயில் அடிக்கிறது, காற்றும் அடிக்கிறது. அடித்தல் என்பதன் பொருள்களை அகராதியில் எண்ணி, நமக்கு உவப்பானதை எடுத்து ஒரு தொடரில் பொருத்திவிட முடியுமா? முடியாதெனின், அரபுத் தொடர்க்கும் அதுவே முறை. உடன்வரும் சொல் எதுவோ அதுவே பொருளைத் தீர்மானிக்கும்.

இதனை மறப்பதால் பெருந்தவறு நேரும் மற்றொரு சொல் ‘காஃபிர்’. அதன் வேர்ப்பொருள் மூடுதல், மறைத்தல். பாவத்தை மூடும் பரிகாரம் ‘கஃப்பாரா’. 57:20 ஆம் வசனத்தில் மழையால் செழித்த பயிரைக் கண்டு மகிழ்பவரைக் குறிக்க இதன் பன்மை வந்துள்ளது. விதையை மண்ணால் மூடும் உழவர் என்றே விரிவுரையாளர் பலர் அங்குப் பொருள் கொண்டனர். வேறிடங்களில் அப்பொருள் ஒவ்வாது. நுணுகி நோக்கி ஆளவேண்டிய இச்சொல்லைச் சிலர் தெருச்சண்டையில் வசைமொழியாக வீசுவது வருந்தத்தக்கது.

இனி, நாம் முதற்கண் சுட்டிய சிக்கலுக்கு வருவோம். அரபில் எதிரெதிர்ப் பொருள் தரும் சொற்களை ‘அள்தாத்’ என்பர். ஐயத்தைக் குறிக்கும் ‘ளன்னு’ 2:46 இல் உறுதியான நம்பிக்கையைக் குறிக்கிறது. ஹிஜ்ரி 328 இல் (கி.பி. 940) மறைந்த இப்னுல் அன்பாரீ இவ்வகைச் சொற்களுக்கென்றே ஒரு நூல் யாத்தார். அவ்வகையில் வரும் ஒரு சொல்தான் ‘குர்உ’. மாதவிலக்கையும் அது குறிக்கும். இரு விலக்குகளுக்கு இடைப்பட்ட தூய்மைக் காலத்தையும் குறிக்கும். தலாக் சொல்லப்பட்ட பெண்கள் மூன்று ‘குரூஉ’ காத்திருக்க வேண்டும் என்பது 2:228 ஆம் வசனம் தரும் சட்டம். மூன்று எவை?

இமாம் ஷாஃபிஈ, இமாம் மாலிக் இருவரும் தூய்மைக் காலம் என்றனர். இமாம் அபூஹனீஃபா மாதவிலக்கு என்றார். முன்னவர் கருத்துப்படி, தூய்மைக் காலத்தில் தலாக் சொல்லப்பட்டால் அதன் எஞ்சிய நாள்களே ஒன்றாக எண்ணப்பட்டு, மூன்றாம் விலக்குத் தொடங்கியதும் இத்தா முடியும். பின்னவர் கருத்துப்படி மூன்றாம் விலக்கு முற்றுப்பெறும்வரை இத்தா நீளும். இடைப்பட்டவை சில நாள்களே. ஆயினும் அந்நாள்களில் எவ்வளவோ தங்கியுள்ளது. மீட்டுக்கொள்ளத்தக்க தலாக்காயின், அந்நாள்களில் கணவன் அவளை மீட்டுக்கொண்டால் செல்லுமா? அவன் இறந்துபட்டால் அவளுக்குச் சொத்தில் பங்கு உண்டா? அவள் மறுமணம் செய்யலாமா? காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழியும், உள்நாட்டு ஊர்கள் பெரும்பாலானவற்றில் ஹனஃபி வழியும் நிலவும் நம் தமிழகத்தில் இது வெறும் நூற்செய்தியன்று.

இப்பெருமக்கள் எவ்வாறு வாதிட்டனர் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். ‘குர்உ’ என்பதன் வேர் காஃப், ரா, ஹம்ஸா. ஓதுக எனப் பொருள்படும் ‘இக்ரஃ’ என்பதும், ‘குர்ஆன்’ என்பதும் இவ்வேரினவே. ஒன்றுதிரட்டல் என்பது இதன் அடிக்கருத்து என்பார் உளர். குறித்த காலம் என்பாரும் உளர். திரட்டல் எனக் கொண்டால், தூய்மைக் காலத்தில் குருதி உடலுள் திரள்கிறது என்று ஒரு சாராரும், திரண்டதே வெளிப்படுகிறது என்று மறுசாராரும் சொல்ல இயலும். வேர் இருவருக்கும் சான்றளிக்கும். எனவே ஒருவருக்கும் தீர்ப்பளிக்காது. ஆதலின் அவர்கள் வேரில் நின்றுவிடவில்லை. அரபில் மூன்று முதல் பத்து வரையுள்ள எண்ணுப்பெயர், எண்ணப்படும் பெயர்க்கு மாறான பாலை ஏற்கும். வசனத்தில் எண்ணுப்பெயர் பெண்பால் ஈற்றோடு வந்துள்ளமையால் எண்ணப்படுவது ஆண்பாற்சொல். தூய்மையைக் குறிக்கும் ‘துஹ்ர்’ ஆண்பால், விலக்கைக் குறிக்கும் ‘ஹைளா’ பெண்பால். ஆகவே தூய்மையே பொருள் என்றனர் ஷாஃபிஈ வழியினர். அஃஷா என்னும் பழம்புலவரின் பாடலையும் சான்று காட்டினர். பால், ‘குர்உ’ என்ற சொல்லையே நோக்கியது என்று ஹனஃபி வழியினர் விடையிறுத்தனர். நபிமொழியில் அச்சொல் விலக்கு நாள்களைக் குறிக்க வந்ததை எடுத்துக்காட்டினர். விலக்கு நின்றுபோன பெண்களுக்கு மூன்று மாதங்கள் என 65:4 கூறுவதால், மாதங்கள் ஈடு செய்வது விலக்கையே என்றனர். இலக்கணம், புலவர் வழக்கு, நபிமொழி, வேதத்தின் பிறிதோரிடம் ஆகிய நான்கு உரைகற்களில் ஒரு சொல்லை அவர்கள் உரைத்துப் பார்த்த திறம் நம்மை வியக்க வைக்கிறது.

‘இக்ரஃ’ என்று தொடங்கும் 96 ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘அலக்’. ஐன், லாம், காஃப் என்னும் அவ்வேருக்குத் தொங்குதல், ஒட்டிக்கொள்ளுதல் என்பது பொருள். மனிதன் எதனின்று படைக்கப்பட்டான் எனக் கூறும் அவ்விடத்தில் ‘இரத்தக்கட்டி’ என மொழிபெயர்த்தோரும், ‘ஒட்டிக்கொண்டிருப்பது’ என மொழிபெயர்த்தோரும் உண்டு. உறைந்த குருதியை அச்சொல் குறிப்பதை அகராதிகள் காட்டுகின்றன; அட்டையையும் குறிக்கும். இரண்டு மொழிபெயர்ப்பும் வழக்குக்கு உட்பட்டனவே. ஒன்றை ஏற்றோர் மற்றதைப் பழிப்பது வேண்டாத வேலை. இஸ்லாத்திற்கு முற்பட்ட புகழ்பெற்ற அரபுப் பாடல்கள் ‘முஅல்லகாத்’ எனப்படுவதும் இவ்வேரால்தான். நம் தாலுக்காவும் இலாகாவும்கூட, தொடர்புடையது என்னும் பொருள்வழி இவ்வேரிலிருந்து வந்தனவே. தாலுக்கா வட்டமாயிற்று, இலாகா துறையாயிற்று, வேர் பழைய பத்திரங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வேரின் கிளைகளுள் நம் உள்ளத்தை மிகவும் உறுத்துவது 4:129 இல் வரும் ‘முஅல்லகா’. மனைவியருள் ஒருத்தியின்பால் முற்றும் சாய்ந்து மற்றவளை ‘முஅல்லகா’ போல விட்டுவிடல் ஆகாது என்பது அவ்வசனத்தின் கருத்து. மனைவியாக வாழவும் இயலாமல், பிரிந்து மறுவாழ்வு தேடவும் இயலாமல் அந்தரத்தில் தொங்கவிடப்பட்டவள் என்று விரிவுரையாளர் பொருள் கூறுவர். இங்கே வேரும் வழக்கும் இடமும் ஒன்றுபட்டு நிற்கின்றன. தமிழில் ‘அந்தரத்தில் விடப்பட்டவள்’ என்று பெயர்த்தால் ஒரு சிறிதும் பொருள் சிந்துவதில்லை. இதற்கு முந்திய வசனம் கணவன் மனைவியர் இணங்கிப் போவதே நன்று என்கிறது. பிந்திய வசனமோ, அவர்கள் பிரிந்துவிடின் இருவரையும் இறைவன் தன் வளத்தால் பிறர்தயவு வேண்டாதவராக்குவான் என்று கூறுகிறது. இணக்கத்திற்கும் பிரிவுக்கும் இடையே அச்சொல் வைக்கப்பட்டிருக்கிறது.